அளவுச் சீட்டு

காலை ஆறேமுக்காலுக்கு வரும் ஆட்டோ
வீட்டுக் குப்பைக்கு மட்டும்.
கடைக் குப்பைக்கு வேறு வண்டி,
இரவு ஒன்பதுக்கு மேல் வருமாம்.
மர்ஃபி டவுனில் எங்கள் தெருவுக்குள்
அது திரும்பி நான் பார்த்ததில்லை.

என் வீட்டில் கடை எங்கே முடிகிறது?
படிக்குக் கீழே மிஷின், மேலே அடுப்பு.
காஜா எடுத்துக்கொண்டே உரித்த ஆரஞ்சுத் தோல்
எந்த வண்டிக்கு?
முனிலக்ஷ்மம்மா கையுறையை உதறுகிறாள்:
"ஹசி கசான்னா ஹசி கசா அக்கா.
யார் தின்னா எனக்கென்ன."

பச்சை வாளியில் ஈரம்.
சிவப்பில், செய்தித்தாளில் சுற்றிக்
குறி போட்டுத் தருவது.
பையில் காய்ந்தது:
கழுவிக் கொடியில் மாட்டிய பால் கவர்,
நூல் தீர்ந்த உருளை,
கொக்கி வந்த அட்டை.
இத்தனைக்கும் விதி இருக்கிறது.

வெட்டுத்துணிக்கு இல்லை.
அக்குளில் வளைத்தெடுத்த பிறை,
கழுத்திலிருந்து விழுந்த இலை,
யார் கல்யாணத்திலிருந்தோ
ஒரு விரல் அகலப் பட்டு.
எடை நிற்காது என்கிறார் பழைய பேப்பர்க்காரர்.
உலர்குப்பை மையத்தில்
முழுத் துணியாகக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.
முழுத் துணியாக இருந்தபோது
அது குப்பை இல்லையே.

செவ்வாய்க்கிழமை மார்ஷல் வந்தார்,
கைபேசியில் ஒரு படத்தோடு.
டிரான்ஸ்ஃபார்மர் அடியில்
கோலம் போட்டு, தொட்டி வைத்து,
நாங்கள் மீட்டெடுத்த மூலை.
வாய் பிளந்த கறுப்புப் பை.
சோறு, டயப்பர், உடைந்த டியூப்லைட்
எல்லாம் ஒரே குழம்பாய்.
நடுவில், கறி படாமல், என் எழுத்து:

உயரம் 14½. மார்பு 38.
கை வலது 12, இடது 11½.
பின்கழுத்து இன்னும் ஒரு இஞ்சு இறக்கம்,
மாமியார் கேட்டால் பழைய அளவுதான்.

"இது உங்க எழுத்தா?"
என் எழுத்துதான்.
மேலே கடைப் பெயர்கூட அச்சில் இருக்கிறது.
குப்பைதான் என்னுடையதில்லை.
இந்த வார்டில் இடதுகை
அரை இஞ்சு இளைத்தவர் ஒருவர்தான்.
போன மாதக் கூட்டத்தில் மைக் பிடித்து,
பிரிக்காதவர் பெயரைப் பலகையில் எழுதணும் என்றாரே,
அவர்.
அன்று உடுத்தியிருந்தது நான் தைத்தது.
கையை அவ்வளவு உயர்த்தியும்
அக்குளில் ஒரு சுருக்கமில்லை.
நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயரைச் சொல்லியிருக்கலாம்.
டேப் சுற்றும்போது
மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.
விடும்வரை காத்திருந்து எழுதுவேன்.
எழுதியதை வெளியே சொன்னதில்லை,
இருபத்திரண்டு வருஷமாக.

ஆயிரம் ரூபாய்.
ரசீதில் காரணம் என்ற கட்டத்தில்
'வணிகக் கழிவு' என்று எழுதினார்.
கடை எங்கே முடிகிறதென்று
அவருக்காவது தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை வந்தார்.
"வலது கை பிடிக்குது ரெஜினா,
சதை போட்டுட்டேன் போல."
திருப்பிப் போட்டு
ஒரு வரிசைத் தையலைப் பிரித்தேன்.
உள்ளே எப்போதும் அரை இஞ்சு விட்டிருப்பேன்.
"மூலையில மறுபடியும் யாரோ கொட்டிட்டாங்களாமே?"
"ம்" என்றேன்.
வாயில் குண்டூசி.

"எவ்வளவு ஆச்சு?"
"ஆயிரத்து ஐம்பது."

மின்விசிறி சுற்றியது.
தெருவில் யாரோ கொத்தமல்லி விற்றுப் போனார்.
கை பிரிக்க ஐம்பது என்று அவருக்குத் தெரியும்.
பர்ஸைத் திறந்து,
எச்சில் தொட்டு,
இரண்டு தாளாகவும் சில்லறையாகவும்
எண்ணி வைத்தார்.

புதிய சீட்டை நீட்டினேன்.
நாலாக மடித்தவர் வாசலில் நின்றார்.
"இது எதுல போடணும்?"
"காய்ஞ்சது. பையில."

வெட்டுத்துணி மூட்டை
மிஷினுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது.
பெடல் மிதிக்காத காலை
அதன் மேல்தான் வைத்துக்கொள்கிறேன்.